கயிற்றின் கதை – 9: நெல் விளையாத கரைகள்

தென்னை இருக்கிற இடமெல்லாம் மட்டை இருக்கிறது. மட்டை இருக்கிற இடமெல்லாம் நாரும் இருக்கிறது. ஆனால் நார் இருக்கிற இடமெல்லாம் கயிறு திரிக்கப்படவில்லை. தேங்காய் விளைச்சலில் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இந்தியாவுக்கு நிகரானவை. பல ஆண்டுகளில் இந்தியாவை மிஞ்சியவை. இருந்தும், 2009ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை இயற்கை இழைகளின் ஆண்டாக அறிவித்தபோது, உலகில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் தேங்காய் நார் உற்பத்தியாவதாகவும், அதில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும்தான் என்றும் கணக்குச் சொன்னது. ஜாவாவிலும் லூசோனிலும் மிந்தனாவோவிலும் மட்டைகள் பெரும்பாலும் கொப்பரை உலர்த்தும் அடுப்பில் எரிந்தன, அல்லது தோப்பிலேயே மட்கின. ஒரே மரம், ஒரே காய், ஒரே மட்டை. ஒரு கரையில் அது விறகு, இன்னொரு கரையில் நூற்றாண்டுகளாகக் கப்பலேறிய சரக்கு. இந்த வேறுபாடு எப்படி வந்தது? சென்ற பகுதியில் நாரால் தைத்த கப்பல்களைப் பார்த்தோம். கப்பல்கள் கயிற்றைக் கேட்டன என்பது உண்மை. அந்தக் கேள்விக்கு ஏன் சில கரைகள் மட்டும் பதில் சொல்லின என்பதே இந்தப் பகுதியின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேங்காய் மிகுந்த இடத்தில் கயிறு பிறக்கவில்லை, நெல் விளையாத இடத்தில் பிறந்தது. இயந்திரம் வரும்வரை தேங்காய் நாரின் உலக வரைபடம், அரிசி வாங்கித் தின்ன வேண்டியிருந்த கரைகளின் வரைபடம்.

இதை ஏற்க வேண்டுமானால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கயிறாகத் திரிக்கும் வெள்ளை நாருக்கு முற்றிய காயின் மட்டை உதவாது. பத்துப் பதினோரு மாதக் காயின் பச்சை மட்டை வேண்டும். அதை உவர்நீரில் எட்டு முதல் பத்து மாதம் ஊறப் போடுவார்கள். கயிற்று வலையில் மட்டைகளை அடைத்து, மேலே சேறும் ஓலையும் ஏற்றி, உப்பங்கழியின் அடியில் அமிழ்த்துவார்கள். நாரையும் நாரையும் ஒட்டவைத்திருக்கும் பசையைப் பாக்டீரியா மெல்ல மெல்லத் தின்னும். நீர் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் கரையெங்கும் நிற்கும். மாதங்கள் கழித்து மட்டையை எடுத்துக் கழுவி, மேல்தோலை உரித்து, மரக்கட்டை மேல் வைத்து, கொட்டாப்புளியால் பெண்கள் அடிப்பார்கள். ஒவ்வோர் அடியிலும் மட்டைத்தூள் பிரிந்து தெறிக்கும், நார் மிஞ்சும். மட்டையின் எடையில் நார் மூன்றில் ஒரு பங்குதான். அடித்த நாரை உலர்த்தி, உதறி, உள்ளங்கையில் வைத்து உருட்டித் திரிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ராட்டு பரவியபோதும் வேலை எளிதாகிவிடவில்லை. ஒருத்தி சக்கரத்தைச் சுற்ற, இன்னும் இருவர் மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, விரலால் இழை கொடுத்தபடி பின்னோக்கி நடப்பார்கள். முற்றத்தின் நீளம் முடிந்ததும் இரண்டு இழைகளையும் பள்ளம் வெட்டிய மர அச்சில் பொருத்தி ஒன்றாக முறுக்குவார்கள். பிறகு மறுபடி சக்கரத்தடியிலிருந்து பின்னோக்கி நடை. நாள் முழுக்க இதுதான். ஒரு வருடம் முன்னே போட்ட மட்டைக்கு இன்று கூலி, கூலியும் கொஞ்சம், உடம்புக்கு நோவு. வேறு வழியுள்ள எந்தக் குடும்பமும் இதை விரும்பித் தேர்ந்தெடுக்காது. ஆகவே இந்த வேலை எங்கே நிலைத்தது என்று தேடும்போது, எங்கே வேறு வழி இல்லாமல் இருந்தது என்றே தேட வேண்டியிருக்கிறது.

மாலத்தீவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எழுத்துச் சான்று அங்கே தெளிவாக இருக்கிறது. பயணி இபின் பதூதா 1343–44இல் அங்கே காஜியாக (நீதிபதியாக) இருந்தவர். மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைப்பதையும், தடியால் அடிப்பதையும், பெண்கள் நூற்பதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். அரபு மொழியில் 'கன்பர்' என்று அழைக்கப்பட்ட அந்தக் கயிறு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் சீனத்துக்கும் போனது என்றும், சணற்கயிற்றைவிட உயர்ந்தது என்றும் சொல்கிறார். அதே குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தீவுக்காரர்கள் சோழியை வங்காளத்துக்கு விற்று அரிசி வாங்கினார்கள். பவளப்பாறையின் மேல் படிந்த மணல் தீவுகளில் நெல் விளையாது. மீன் உண்டு, தேங்காய் உண்டு. சோறு கடல் கடந்துதான் வர வேண்டும். சோழி, உலர்ந்த மீன், கயிறு மூன்றும் அந்தச் சோற்றுக்குக் கொடுத்த விலை. 1602இல் அங்கே கப்பல் உடைந்து ஒதுங்கி, 1607 வரை சிறைப்பட்டவர்போல் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அரசனுக்குச் செலுத்தும் வரியிலும் கயிறு இருந்ததை எழுதுகிறார். நெல் விளையாத ஒரு நாட்டில் அரசனின் கஜானாவில் கயிற்றுச் சுருள்களும் சேர்ந்தன. மாலத்தீவின்மேல் போர்த்துக்கீசியருக்கு இருந்த நாட்டத்துக்கும் கப்பற்கயிறு ஒரு காரணம்.

ஆனாலும் என் வாதத்துக்கு மிக அழுத்தமான சான்று லட்சத்தீவுகளில்தான் இருக்கிறது. அங்கே கயிற்றுக்கும் அரிசிக்கும் இடையில் பணம்கூடக் குறுக்கே வரவில்லை. கண்ணூர் அரக்கல் அரசகுடும்பம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தீவுகளின் கயிற்றைத் தன் ஏகபோகமாக்கியது. தீவினர் திரித்த கயிற்றை வேறு யாருக்கும் விற்கக்கூடாது; குறித்த விலைக்கு அரண்மனைக்கே கொடுக்க வேண்டும்; அந்த விலையும் பெரும்பாலும் அரிசியாக, அதுவும் அரண்மனை வைத்த கணக்குப்படி கிடைக்கும். ஒரே பரிமாற்றத்தில் கயிற்றை விற்கும்போதும் நட்டம், அரிசியை வாங்கும்போதும் நட்டம். இதைத் தாங்காமல்தான் அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா தீவினர் 1787இல் அரக்கலை உதறி திப்பு சுல்தானிடம் போனார்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் அந்தத் தீவுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, மங்களூரிலிருந்து ஆளப்பட்டன. ஆண்டவர் மாறினார், முறை மாறவில்லை. கம்பெனியும் கயிற்றை வாங்கி அரிசியை அளந்தது. அதிக அரிசி கொடுத்தார்களா, குறைத்துக் கொடுத்தார்களா என்பதே தீவுகளின் அரசியலாக இருந்தது. 1847இல் பெரும்புயல் வீசி கல்பேனியிலும் ஆந்த்ரோத்திலும் தென்னைகளைச் சாய்த்தபோது அங்கே மக்களைக் கொன்றது கடல்நீர் மட்டுமல்ல. மரம் போனதால் மட்டை போனது, மட்டை போனதால் கயிறு போனது, கயிறு இல்லாத தீவுக்கு அரிசிப் படகு வர வழியில்லை. புயலுக்குப் பின் வந்த பட்டினிதான் அதிகாரிகளின் அறிக்கைகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தேங்காயை உணவாகக் கருதுகிறவர்களுக்கு இது புரியாது. தீவினருக்குத் தென்னை ஒரு நெல்வயல். அதன் விளைச்சல் கயிறு.

இனி திருவிதாங்கூர் கரை. அஞ்சுதெங்கிலிருந்து கொடுங்கல்லூர் வரை கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல் துண்டு நீள்கிறது. கயிற்று வணிகம் தன் தரங்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே அந்தக் கரையின் வரைபடம் கிடைத்துவிடும்: அஞ்செங்கோ, ஆலப்பாடு, அஷ்டமுடி, வைக்கம், ஆராட்டுப்புழை. லண்டன் சந்தையில் இந்தக் கிராமப் பெயர்கள் நூலின் தடிமனையும் நிறத்தையும் குறித்தன. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்த நாருக்கு வழங்கும் பெயரே இந்தக் கரையின் 'கயர்' என்ற சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. 1859இல் ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் ஆலப்புழையில் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பின்னாலேயே ஐரோப்பிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. தொழிற்சாலைக்குள் ஆண்கள் தறியில் பாய் நெய்தார்கள். அதற்கு நூல் வந்தது சுற்றுக் கிராமங்களில் பெண்கள் அடித்துத் திரித்ததிலிருந்து. சேர்த்தலை வட்டம் இதன் இதயம். மணல் பூமி, தென்னை வரும், நெல் சரியாக வராது. இங்கே ஒருவர் மறுத்துச் சொல்லலாம்: வேம்பநாட்டுக் காயலின் அக்கரையில்தானே குட்டநாடு இருக்கிறது, கேரளத்தின் நெற்களஞ்சியம்! உண்மைதான். ஆனால் நெல் அருகில் விளைவதும் வீட்டுக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல. குட்டநாட்டு நெல் நிலவுடைமையாளரின் நெல். கயிறு அடிக்கும் ஈழவப் பெண்ணுக்கு அது கூலிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டம். குமரி மாவட்டத்திலும் இதே நிலையைப் பார்க்கலாம்: நாஞ்சில் நாட்டின் வயல்களுக்குச் சில கல் தொலைவில், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் கழிமுகங்களில் மட்டை ஊறியது. நெல்லும் கயிறும் அண்டை வீட்டில் இருந்தன, ஒரே வீட்டில் இல்லை.

இந்தக் கரையின் சோறு எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பது 1942இல் எல்லோருக்கும் தெரிந்தது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கைப் பர்மாவிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தது. அந்த மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசிக் கப்பல் நின்றது. போரினால் கப்பல் போக்குவரத்துக் கெட்டதால் கயிற்றை வாங்குவோரும் குறைந்தார்கள். கயிறு போகவில்லை, அரிசி வரவில்லை. சேர்த்தலையில் மக்கள் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் செத்தார்கள். வங்காளப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிற நம் வரலாறுகள் இந்தச் சாவுகளை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். இதே கரையில் 1922 முதலே தொழிலாளர் சங்கம் வேரூன்றியிருந்தது. வாடப்புறம் பாவா ஆலப்புழையில் தொடங்கிய சங்கம் அது. 1938இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 அக்டோபரில் புன்னப்பிரையிலும் வயலாரிலும் திருவிதாங்கூர் திவானின் படைக்கு எதிரே நின்று உயிர் விட்டவர்களில் கயிற்றுத் தொழிலாளிகள் ஏராளம். அரசியல் காரணங்கள் பல இருந்தன. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் வீட்டில் சோறு நின்றுபோனதைப் பார்த்தவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிட்டு அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது: காரணம் பசி அல்ல, நீர். ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர்க் கழிகள் கேரளத்துக்கு இயற்கை கொடுத்த வரம். பொன்னிற நார் அந்த நீரில்தான் கிடைக்கும். ஆகவே தொழில் அங்கே வந்தது. நீர் இல்லாமல் வெள்ளை நார் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர் மட்டுமே காரணமானால், கழிகளும் சதுப்புகளும் நிறைந்த பிலிப்பைன்ஸும் சுமத்ராவும் உலகுக்குக் கயிறு கொடுத்திருக்க வேண்டும். கேரளத்தைப் போன்ற கழிகளே இல்லாத லட்சத்தீவு கொடுத்திருக்கக் கூடாது. அங்கே மட்டையை ஓதம் எட்டும் மணலில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல் ஏற்றினார்கள், வேலை நடந்தது. சான்சிபார் இதைவிட நல்ல சோதனைக்களம். ஒரே தீவின் மேற்குப் பகுதியில் வளமான மண். அங்கே கிராம்புத் தோட்டங்கள் எழுந்தன. கிழக்குக் கரை பவளப்பாறை பூமி; பயிர் மேலோட்டமாகத்தான் வேர் விடும். மட்டையைக் கடலோரத்தில் புதைத்து, கல் அடுக்கி அடையாளம் வைத்து, மாதங்கள் கழித்துத் தோண்டி அடித்துக் கயிறாக்கும் பெண்கள் அந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கிறார்கள். கடல் இரண்டு பக்கமும் ஒரே கடல். மண்தான் வேறு.

இரண்டாவது மறுப்பு திறமையைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் மலபாருக்கு இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை என்பார்கள். பசிபிக் தீவுகளைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. சமோவாவில் கிழவர்கள் மன்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தொடையில் நாரை உருட்டிப் பின்னுவார்கள். வீட்டின் உத்தரத்தையும் படகின் பலகையையும் கட்டுவது அந்தப் பின்னல்தான், ஆணி அல்ல. கிரிபாட்டித் தீவினர் சுறாப்பல் பதித்த வாளுக்குத் தப்ப, தேங்காய் நாரால் உடல் முழுவதும் மூடும் கவசமே பின்னினார்கள். உலக அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கலாம். நார்வேலையில் அதைவிட நேர்த்தியான பொருளை நான் அறியேன். ஆக, திறமை மலபாரைவிடக் குறைவில்லை. இருந்தும் அது சரக்காகவில்லை. அங்கே சேம்பும் ஈரப்பலாவும் மீனும் வயிற்றை நிறைத்தன; அரிசி விற்க வரும் வணிகன் இல்லை. அதனால் நார் மதிப்புக்குரிய கைவேலையாக, முதியவர்களின் பொழுதாக நின்றது. அங்கே அது ஆண்களின் வேலை, இங்கே பெண்களின் கூலி. ஒரே நார், ஒரே முறுக்கு.

பிலிப்பைன்ஸுக்கு வருவோம். அந்த நாடு என் வாதத்தைக் கவிழ்க்கக்கூடிய இடம் என்று முதலில் தோன்றும். பார்த்தால் அதற்கு முட்டுக் கொடுக்கிறது. ஸ்பானிய ஆளுநர் கொர்குவேரா 1642இல் ஒவ்வொரு குடியானவரும் 200 தென்னை நட வேண்டும் என்று ஆணையிட்டார். மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போன பெருங்கப்பல்களுக்குப் பலகை இடுக்கு அடைக்கவும் கயிற்றுக்கும் நார் வேண்டியிருந்தது. அரசே கட்டளையிட்டது, மரமும் வளர்ந்தது, கப்பலும் காத்திருந்தது. ஆனால் ஒரு கயிற்றுத் தொழில் அங்கே எழவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அந்த மண்ணிலேயே விளைந்த அபாக்கா என்ற வாழையினச் செடி. தண்டை உரித்துச் சுரண்டினால் நார் கையில். பத்து மாதம் ஊற வைக்க வேண்டாம். அதுதான் பின்னாளில் 'மணிலாக் கயிறு' என்று உலகக் கப்பல்களெல்லாம் ஏறியது. இரண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சோப்புக்கும் மார்ஜரினுக்கும் எண்ணெய் தேடிய மேற்கு நாடுகள் கொப்பரையை விலை கொடுத்து வாங்கின. காயை உடைத்து, பருப்பை உலர்த்தி மூட்டை கட்டினால் காசு. உலர்த்தும் அடுப்புக்கு மட்டையே எரிபொருள். ஒரு குடும்பத்துக்கு அரிசி வாங்க இதைவிடக் குறைந்த உழைப்பில் வழி இருக்கும்போது, இடுப்பளவு கறுப்பு நீரில் நிற்க யார் வருவார்கள்? நெல் விளையாமை மட்டும் போதாது, அரிசி வாங்க வேறு எளிய வழியும் இல்லாதிருக்க வேண்டும் என்று என் கூற்றைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள பிலிப்பைன்ஸ் கட்டாயப்படுத்துகிறது. திருத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு கப்பல்களின் பெயரால் வருகிறது: அரபிக்கடலின் தைத்த கப்பல்கள் பக்கத்திலிருந்த மலபாரிடம் கயிறு கேட்டன, அவ்வளவுதான். கேட்டவர்கள் அருகில் இருந்தது பெரிய காரணம், ஐயமில்லை. ஆனால் கேட்பவன் போனபின் தொழில் என்ன ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிப் பயணிகளை ஏற்றி இறக்கிய மசூலா படகுகள் நாரால் தைத்தவை; துறைமுகம் வந்தபின் அவற்றின் வேலை குறைந்தது. பாய்மரக் கப்பல்களும் நீராவிக்கு இடம் கொடுத்தன. கேட்பவரால் மட்டுமே வாழ்ந்த தொழிலாக இருந்தால் கயிறு அத்துடன் முடிந்திருக்கும். முடியவில்லை. குறைந்த கூலிக்கு உழைக்கும் லட்சக்கணக்கான கைகள் இருந்ததால் அந்த நூலுக்குப் புதிய பயனை வணிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். லண்டன் லட்கேட் ஹில்லில் ட்ரெலோர் குடும்பம் தேங்காய் நார் மிதியடிகளும் பாய்களும் விற்றே செல்வம் சேர்த்தது; அந்தக் குடும்பத்தின் வில்லியம் ட்ரெலோர் 1884இல் தென்னையைப் பற்றி ஒரு நூலே எழுதினார், 1906இல் லண்டன் மேயருமானார். சேறு படிந்த காலணிகள் நிறைந்த ஊருக்கு, நனைந்தாலும் மட்காத மிதியடி தேவைப்பட்டது. நாரில் உள்ள லிக்னின் சணலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. நீரைத் தாங்கும் குணம் அங்கிருந்து வருகிறது. அந்தக் குணம் எல்லா நாட்டுத் தென்னைக்கும் பொது. மிதியடியோ ஆலப்புழையிலிருந்து போனது.

நான்காவது மறுப்பை இலங்கை எழுப்புகிறது. இதற்கு நான் பாதி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர் 'தும்பு' என்று அழைக்கும் இந்த நாரில் அந்த நாட்டுக்கு இரண்டு வரலாறுகள். காலி, மாத்தறைக் கரையில் கழிநீரில் மட்டை ஊறவைத்து, பெண்கள் வீட்டு முற்றத்தில் கயிறு திரித்த வரலாறு மலபாரின் உடன்பிறப்பு. குருணாகல், புத்தளம், கம்பகா சூழ்ந்த தென்னை முக்கோணத்தின் வரலாறு வேறு. பெருந்தோட்டங்களில் காய் ஒரே இடத்தில் உரிக்கப்பட்டதால் முற்றிய மட்டை மலையாகக் குவிந்தது. அதைத் தொட்டியில் ஊறவைத்து, ஆணி பதித்த சுழலும் உருளைகளில் பிடித்து வாரினால் நீண்ட முரட்டுத் தும்பு கையில் நிற்கும். குட்டையானது கீழே விழும். நீண்டது துடைப்பத்துக்கும் தூரிகைக்கும், குட்டையானது மெத்தைக்கும் போயின. இங்கே தொழிலைப் பெற்றது கரையின் பசி அல்ல. மட்டை ஒரே இடத்தில் குவிந்ததும் இயந்திரம் வந்ததும் சேர்ந்தே அதைப் பெற்றன. பழுப்பு நாரின் வரலாறு வெள்ளை நாரின் வரலாறு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாதம் அடித்துத் திரித்த காலத்துக்கு உரியது. உருளை சுழலத் தொடங்கிய இடத்தில் அதன் எல்லை.

அந்த எல்லைக் கோட்டில் நடந்த போராட்டமே என் வாதத்தின் கடைசிச் சான்று. கேரளத்தில் நார் அடிக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கியபோது தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1970களில் அரசு அவற்றுக்குத் தடை விதித்தது. நவீனத்தை எதிர்த்த பிற்போக்கு என்று இதை இன்றும் எழுதுகிறார்கள். அழுகிய நீரில் நிற்பதையும் கொட்டாப்புளி பிடிப்பதையும் யாரும் காதலித்துக் காப்பாற்றவில்லை. அந்தக் கொட்டாப்புளியின் மறுமுனையில் அரிசி இருந்தது. இயந்திரத்தின் மறுமுனையில் அவர்களுக்கு எதுவும் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. தடையால் தொழில் காக்கப்படவும் இல்லை. மலை தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம், சிங்கம்புணரி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் நார் பிரிக்கும் 'மஞ்சி' மில்கள் எழுந்தன. இங்கே உப்பங்கழி இல்லை, பத்து மாத ஊறல் இல்லை. கொப்பரைக் களத்தில் உரித்த மட்டை லாரியில் வரும். தண்ணீர் தெளித்து நனைத்து இயந்திரத்தில் தள்ளினால் ஒரு பக்கம் நார், மறுபக்கம் தூள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனமும் கிணறும் தென்னையைப் பெருக்கின, மின்சாரம் மற்றதைச் செய்தது. சில பத்தாண்டுகளில் பழுப்பு நாரில் தமிழ்நாடு முதலிடத்துக்கு வந்தது. ஆலப்புழைத் தறிகளும் கேரளத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் ராட்டுகளும் இன்று தமிழ்நாட்டு நாரை நம்பி ஓடுகின்றன. 2000களில் சீனம் மெத்தைக்காக நார் வாங்கத் தொடங்கியபோது லாபம் இந்த மில்களுக்குத்தான் வந்தது.

தஞ்சைக் கடைமடையும் கொங்கு மண்ணும் நூற்றாண்டுகளாகக் கிணற்றுக்கும் மாட்டுக்கும் வேண்டிய கயிற்றைத் திரித்துக்கொண்டு அத்துடன் நின்றவை. நெல்லோ சோளமோ அந்த வீடுகளில் விளைந்தது. இயந்திரம் வந்தபின்தான் அவை நார் நாடாயின. ஆனால் அந்த இயந்திரத்துக்கு மட்டை ஊட்டுவது யார் என்று பார்த்தால் பழைய கணக்கு வேறு உருவில் திரும்புகிறது. பொள்ளாச்சி மில்களில் தூசிக்குள் நிற்பவர்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் பெரும்பங்கு. பீகாரிலும் ஒடிசாவிலும் நிலம் போதாத வீடுகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். முன்பு மட்டை, நெல்லில்லாத கரையைத் தேடிப் போனது. இப்போது நெல் போதாத வீட்டிலிருந்து மனிதர்கள் மட்டையைத் தேடி வருகிறார்கள். இதை என் வாதத்துக்கு வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நார் இன்று தன் துணைப்பொருளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. மட்டையில் மூன்றில் இரண்டு பங்கான தூள், ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கோடையில் உள்ளூரப் புகைந்துகொண்டிருந்த குப்பை. மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க அது ஏற்றது என்று இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் 1860களிலேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள், பிறகு மறந்தார்கள். ஐரோப்பா செடி வளர்க்கத் தன் கரிச்சதுப்பு நிலங்களைத் தோண்டுவதை நிறுத்த நினைத்தபோது, நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகள் வழியாக அது மறுபிறப்பு எடுத்தது. 2020–21இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி 3,778.98 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி இந்தத் தூள். தூளில் உள்ள உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீர் பழுப்பாக நிலத்தடிக்குள் இறங்குகிறது. கிணறு நிறம் மாறியதாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து விவசாயிகள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலின் மட்டை ஊறிய துறைகளில் மீன் செத்ததும் இதே கதையின் முந்தைய அத்தியாயம்தான். அந்தத் துறைகளில் இன்று பல வெறுமையாகக் கிடக்கின்றன. நட்டுவைத்த குற்றிகள் மட்டும் நீருக்கு மேல் தலை காட்டுகின்றன. தூளையும் தண்ணீரையும் பற்றி அடுத்த பகுதியில்.

(தொடரும்)